கடைமடைக்கு அப்பால்: முத்துப்பேட்டை அலையாத்திக் கரை

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் தஞ்சாவூர்ச் சீமையில் ஆண்டுதோறும் ஆடி மாதத்துப் பேச்சு. கடைமடை என்றால் அதற்குமேல் பாய வயல் இல்லை என்று பொருள். ஆனால் ஆறு அங்கே நின்றுவிடுவதில்லை. கடைசி மதகைத் தாண்டினால் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் இறால் குட்டையும் உப்பு பூத்த பொட்டலும், அதற்கும் அப்பால் அலையாத்திக் காடு. காட்டுக்கு நடுவே பரந்து கிடக்கும் ஒரு நீர்வெளி. அதன் வாயில் கடல். அந்தக் கரைக்குச் சாலை இல்லை. படகில்தான் போக வேண்டும்.

வெள்ளை மணலும் அலையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே மணலை விடச் சேறுதான் அதிகம். அலையும் பெரிதாக அடிக்காது. இது பாக் நீரிணைக் கடல்; தெற்கே இலங்கை தடுப்பதால் வங்கக் கடலின் வேகம் இங்கே வருவதில்லை. கால் நனைத்து விளையாட வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். காவிரி கடைசியில் என்ன ஆகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து டெல்டாவில் இல்லை.

தண்ணீர் வந்த வழியே வாருங்கள்

முத்துப்பேட்டைக்கு நேரே வந்து இறங்கிப் படகேறுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கல்லணையிலிருந்து தொடங்குங்கள். அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் நாலாகப் பிரிவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். கல்லணைக் கால்வாயை இன்றும் ஊர்க்காரர்கள் ‘புது ஆறு’ என்றே சொல்வார்கள். 1934-ல் மேட்டூர் அணையோடு வந்தது, அதனால்தான் அது புதுசு. நமக்கு வேண்டியது வெண்ணாறு. அதைப் பிடித்துக்கொண்டு நீடாமங்கலம் வந்தால் மூணாறு தலைப்பு. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிற இடம் அது. பாமணியாறு மன்னார்குடி வழியாகத் தெற்கே இறங்கும். கோரையாறும் கடைசியில் முத்துப்பேட்டைக்குத்தான் வந்து சேரும். இன்னும் கிளைதாங்கியாறு, கண்டபரிச்சானாறு, மரைக்காகோரையாறு என்று சின்ன ஆறுகளும் வடிகால்களும் வந்து விழுகின்றன. மன்னார்குடிப் பக்கம் ஒரு வயலில் வடித்துவிட்ட தண்ணீரும் இந்த நீர்வெளிக்கு வந்துதான் கடலைப் பார்க்கிறது. இந்தப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தால் படகில் உட்காரும்போது கீழே ஓடும் தண்ணீர் தெரிந்த தண்ணீராக இருக்கும்.

நேரமில்லாதவர்கள் தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாக வரலாம்; சுமார் 75 கிலோமீட்டர். மன்னார்குடியிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் பேருந்து உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டே போகிறது. திருவாரூர் – காரைக்குடி ரயில் பாதையில் முத்துப்பேட்டை ஒரு நிலையம். ஆனால் ரயிலை நம்பி விடிகாலைப் படகைத் திட்டமிடாதீர்கள். முந்தின இரவே வந்துவிடுவது நல்லது. ஊரில் சுமாரான லாட்ஜுகள்தான். வசதியாகத் தங்க நினைத்தால் மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ தங்கி, இருட்டோடு கிளம்ப வேண்டும்.

எந்த மாதம், எந்த நேரம்

ஐப்பசி, கார்த்திகையில் வராதீர்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம், புயல் காலமும் அதுதான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்தக் காடு பெருமளவில் முறிந்து விழுந்தது. நின்ற மரங்களிலும் பல இலை கருகி, பட்டுப்போயின. வழியில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் இளந்தென்னைகளைப் பார்த்தால் அதன் காரணமும் இதே புயல்தான்.

தை பிறந்து மழை விட்டதும் வாருங்கள். மாசி முடியும் வரை நல்ல காலம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் அடைப்பார்கள். (நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும்.) அணையை அடைத்த பிறகு ஆற்றில் வரும் நல்ல தண்ணீர் குறையக் குறைய உப்பு ஏறிக்கொண்டே போகும். கோடையில் கடலை விடவே உப்பு கூடிய திட்டுகளும் உண்டாகிவிடும். தை மாசியில் இரண்டு தண்ணீரும் கலந்திருக்கும். வடக்கேயிருந்து வந்த பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. பூநாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், உள்ளான், ஆலா என்று பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு காலைப்பொழுது போதாது. பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கூட்டமும் சத்தமும் உள்ள இடத்தில் பறவை உட்காராது.

விடிந்ததும் படகில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் கடற்காற்றும் ஏறும். திரும்பும்போது எதிர்க்காற்றில் தண்ணீர் மேலே தெறித்துக்கொண்டே வரும். காட்டுக்குள் ஆற்றில் இருக்கும் வரை இது தெரியாது. திறந்த நீர்வெளிக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் தண்ணீரின் ஏற்றமும் வற்றமும். பாக் நீரிணையில் ஓதம் மிகக் குறைவு. ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. அதை வைத்து அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. இந்த நீர்வெளியின் ஆழமே சராசரி ஒரு மீட்டர்தான், பல இடத்தில் முழங்கால் அளவு. அங்கே ஒரு சாண் குறைந்தாலும் படகு தரை தட்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும். நேற்று எட்டு மணிக்குப் போன படகு இன்று எட்டு மணிக்குப் போகும் என்று நினைக்கக் கூடாது. முந்தின நாளே படகுக்காரரிடம் கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் தடவை போனபோது முகத்துவாரத் திட்டில் பறவை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். “தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு தம்பி, ஏறுங்க” என்று படகுக்காரர் கூப்பிட்டார். “இன்னும் பத்து நிமிஷம் அண்ணே” என்றேன். பத்து நிமிஷம் அரை மணி ஆயிற்று. திரும்பும் வழியில் நீர்வெளியின் நட்டநடுவில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அவர் இறங்கித் தள்ளினார், கழி போட்டுத் தள்ளினார், அசையவில்லை. “இனிமே தண்ணி ஏறினாத்தான்” என்று சொல்லிவிட்டு விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இரண்டரை மணி நேரம் நிழலில்லாத வெயிலில் இருந்தோம். எங்களோடு வந்த பெரியவர் ஒருவருக்கு மாத்திரை சாப்பிட வேண்டிய நேரம். மாத்திரைப் பையோ துறையில் நின்ற காரில். என்னால் அவருக்கு வந்த சங்கடம் அது. அன்றிலிருந்து படகுக்காரர் ‘ஏறுங்க’ என்றால் கேமராவைக்கூட மூடாமல் ஏறிவிடுவேன்.

அனுமதி, படகு

இது காப்புக்காடு. முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் உள்ளே போகக் கூடாது. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதவில்லை. முந்தின நாள் பகலில் நேரில் போய்க் கேட்டுவிடுவதே நல்லது. புயல் எச்சரிக்கை இருந்தாலோ காற்று பலமாக இருந்தாலோ மறுத்துவிடுவார்கள். மறுத்தால் வாதாடாதீர்கள். ‘நான் கூட்டிப்போகிறேன்’ என்று வெளியில் யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறவே ஏறாதீர்கள்.

படகுத்துறை ஊரை ஒட்டிய ஜாம்புவானோடையில். ஆட்டோக்காரரிடம் ‘லகூன் போகணும்’ என்றால் போதும், புரிந்துகொள்வார். அங்கே ஷேக் தாவூது ஆண்டவர் தர்கா பேர்பெற்றது. மனநோய் தீர வேண்டி எல்லா மதத்தாரும் வந்து தங்குவார்கள். கந்தூரி நடக்கும் நாட்களில் சாலையே அடைந்துவிடும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உயிர்காப்புச் சட்டையை எல்லோரும் போட வேண்டும், நீச்சல் தெரிந்தவர்களும்தான். ‘இடுப்பளவு தண்ணிதானே’ என்பார்கள். ஆற்றுக்குள் ஆழம் உண்டு. சேற்றில் கால் புதைந்தவருக்கு இடுப்பளவுத் தண்ணீரே போதும். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் பொழுது சாய்ந்த பிறகு அளவுக்கு மேல் ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். ‘இன்னும் ரெண்டு பேர்தானே’ என்று உங்கள் குடும்பத்தாரே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். இரண்டாவது படகுக்குப் பணம் கொடுங்கள்.

காட்டுக்குள்

கோரையாற்றில் படகு கிளம்பிய கொஞ்ச நேரம் கரையில் தென்னையும் கருவேலும்தான். பிறகு கரை தாழ்ந்து, இரண்டு பக்கமும் ஒரே பச்சையாகி, பேச்சுக் குரல் தானாகக் குறையும். இங்கே பத்தில் ஒன்பது மரத்துக்கு மேல் ஒரே சாதி: வெண்கண்டல். பிச்சாவரத்தில் கண்ட மாதிரி வில்லாக வளைந்து இறங்கும் சுரபுன்னை வேர்களை இங்கே தேடினால் நட்டுவைத்த இடங்களில்தான் கிடைக்கும். வெண்கண்டலின் விசேஷம் மூச்சுவேர். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் வேர் பென்சில் கனத்தில் நிமிர்ந்து மேலே வந்து காற்று வாங்குகிறது. வற்றம் வந்த நேரத்தில் பார்த்தால் மரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில், அறுத்த வயலில் தாள் நிற்பது போல நிற்கும். படகை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மரத்திலிருக்கும் ஒரு இலையைப் பறிக்காமல் கையால் பிடித்துப் பாருங்கள். மேல்புறத்தில் பொடியாக ஏதோ மின்னும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. மரம் உறிஞ்சிய உப்பை இலை வழியாகக் கக்குகிறது. மழை பெய்த மறுநாள் அது இருக்காது.

தில்லை மரத்தை மட்டும் தொடாதீர்கள். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அதே தில்லைதான். கிளை ஒடிந்தால் வெள்ளைப் பால் வரும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்புளம். உதிரும் முன் இலை சிவந்து அழகாக இருப்பதால் குழந்தைகள் கை நீட்டுவார்கள். எது தில்லை என்று ஏறும்போதே படகுக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள்.

போகும் வழியில் காட்டுக்குள் நேராக வெட்டிய வாய்க்கால்களைப் பார்ப்பீர்கள். இது இந்தப் பக்கத்து மீனவர்களின் பழைய முறை, வாய்க்கால் மீன்பிடி. தண்ணீர் ஏறும்போது மடவையும் கொடுவாவும் இறாலும் வாய்க்காலுக்குள் வரும். வற்றும்போது வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். அந்த வாய்க்கால்களில் தண்ணீர் வந்துபோகும் இடங்களில் மரம் செழித்து நின்றது. தண்ணீர் போகாத இடம் உப்பு பூத்துப் பொட்டலாகக் கிடந்தது. முன்காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதில், வெயில் பட்ட சேறு காய்ந்து உள்வாங்கி, தண்ணீர் தேங்கி, அப்படி ஆகியிருந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் ஊர் மக்களோடு சேர்ந்து, பெரிய வாய்க்கால் ஒன்று, அதற்கு இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவத்தில் வெட்டிக் கண்டல் விதைகளை ஊன்றினார்கள். வயலுக்குக் கன்னி வாய்க்கால் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லித்தரவே வேண்டியிருந்திருக்காது. பொட்டல் திரும்பக் காடானது. டெல்டாக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமை உண்டு.

இந்தக் காடு ஒரு காலத்தில் சத்திரம் இலாகாவின் சொத்து. தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய சத்திரங்களின் செலவுக்கு இதன் வருமானமும் போனது. 1937-ல்தான் வனத்துறையிடம் வந்தது. 2002-ல் கோடியக்கரைச் சரணாலயத்தோடு சேர்த்து ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 38,500 ஹெக்டேர்.

கரையில்

ஆறு முடிந்து முள்ளிப்பள்ளம் என்கிற நீர்வெளி திறக்கும்போது கண் கூசும். எதிர்க்கரை ஒரு கோடாகத் தெரியும். அதைக் கடந்துபோனால் முகத்துவாரம். அதன் அருகே சேறும் மணலும் சிப்பியும் கலந்த திட்டு. அந்தத் திட்டு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும், உருவம் மாறும். சில பருவத்தில் இறங்க இடமே இருக்காது. இறங்கலாமா என்பதைப் படகுக்காரர் தீர்மானிக்கட்டும்.

இறங்கினால் செருப்பு வேண்டாம், சேறு பிடுங்கிக்கொள்ளும். சிப்பி கிழிக்காமலிருக்கப் பழைய கான்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். சேற்றில் படுத்திருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிப் போய்விடும், மிதித்தால் வால் முள்ளால் அடிக்கும். அடி பட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். அதற்காகவே ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோவேன். குளிக்க இறங்குவது நல்லதல்ல; முகத்துவாரத்தில் வற்றுகிற தண்ணீரின் இழுப்பு மேலே தெரியாது.

ஒரு பறவைக் கூட்டம் முழுதும் ஒரே நேரத்தில் தலை தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நின்றுவிடுங்கள். படம் எடுக்கக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது பெரிய பாவம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறக்கத்தான் அவை இங்கே தின்று கொழுக்கின்றன.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். முத்துப்பேட்டைப் பக்கத்தில் அப்படி நேரவில்லை. ‘காடுதான் காப்பாத்துச்சு’ என்று ஊரில் சொல்வார்கள். இலங்கையும் கோடியக்கரை முனையும் மறைத்ததும் ஒரு காரணம். அதற்காகக் காட்டின் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புயற்காற்றையும் கடலேற்றத்தையும் முதலில் தன்மேல் வாங்கிக்கொள்வது இந்த மரங்கள்தான்.

மணல்தான் வேண்டும் என்கிறவர்கள் சிதம்பரம் அருகே பிச்சாவரத்துக்குப் போங்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் விசாரித்தால் சுரபுன்னை வாய்க்கால்கள் வழியாகக் கடற்கரை வரை போகும் படகைச் சொல்வார்கள். கொள்ளிடம் கடலில் சேருமிடத்துக் கொடியம்பாளையமும் அழகான மணற்கரை. இரண்டும் காவிரிப் படுகையின் வடக்கு ஓரம்.

முத்துப்பேட்டைப் படகில் கழிப்பறை, கடை, நிழல் எதுவும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, துண்டு, வேளைக்கு வேண்டிய மாத்திரை, போனுக்கு நீர் புகாத உறை, இட்லியோ புளிச்சோறோ வாழையிலைப் பொட்டலமாக. நண்டும் மடவைக் குழம்பும் திரும்பி வந்து ஊரில் சாப்பிடலாம்.

அங்கே குப்பைத் தொட்டி இல்லை, பெருக்க ஆளும் இல்லை. மூச்சுவேர்களுக்கு நடுவே மாட்டிய பிளாஸ்டிக் பையைத் தண்ணீர் வெளியே கொண்டுபோகாது. அது வேரை மூடிக்கொண்டு கிடக்கும். ஆகவே துறையில் ஏறும்போது எத்தனை பாட்டில், எத்தனை பொட்டலம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இறங்கும்போது மறுபடியும் எண்ணுங்கள்.